அவசரக்குடுக்கை மரம்

என் தையல் கடைக்கு நிழல் தருவது ஒரே ஒரு மரம். எதிர்ச்சாரியில் அண்ணனின் பேக்கரி. அதன் வாசலிலும் அதே வகை, அதே வயது மரம். இரண்டும் குளிரில் இலை உதிர்த்து மொட்டையாக நின்றவைதான். அண்ணன் மரம் மட்டும் இந்த வருடமும் முந்திக்கொண்டு தளிர்த்துவிட்டது. அண்ணனைப் போலவே அதுவும் அவசரக்குடுக்கை என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிரிப்பு ஒரு காலையில் நின்றது. நகராட்சி மர அதிகாரி வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என் மரம் பட்டுப்போய்விட்டது என்று சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டார். வெள்ளிக்கிழமை வெட்டுவார்களாம். அந்த நிழல் இல்லாவிட்டால் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் மெஷினில் உட்கார முடியாது. கடையை மூட வேண்டியதுதான்.

கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை அண்ணன் மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். அண்ணாந்து பார்த்தால், பேக்கரிச் சுவர்ப் பக்கம் பச்சைப் பசேல் என்றிருந்தது. சாலைப் பக்கக் கிளைகளில் ஒரு தளிர்கூட இல்லை.

"இதுல பாதி செத்துப்போச்சா சார்? பாதிய மட்டும் வெட்டுவீங்களா?" என்றேன்.

அவர் சுவரைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை எடுத்தார். உள்ளே அடுப்பு, மேலே பக்கத்து அலுவலகத்தின் ஏசி பெட்டிகள் கக்கும் அனல். நகரத்துச் சூடு மரங்களை ஏமாற்றி முன்கூட்டியே எழுப்பிவிடும் என்று பயிற்சியில் படித்தது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்படியானால் என் மரம் சாகவில்லை, இன்னும் தூங்குகிறதோ என்னவோ என்று அசடு வழிந்தபடி பத்து நாள் தவணை கொடுத்தார்.

தன் அடுப்பால் தங்கச்சி மரத்துக்கு வினை வந்துவிட்டதே என்று அண்ணனுக்குத் தாங்கவில்லை. மறுநாளிலிருந்து, அடுப்பிலிருந்து எடுத்த தட்டுகளைச் சூட்டோடு சூடாகக் கொண்டுவந்து, என் மரத்தடியில் ஸ்டூல் போட்டு அடுக்கினான். ரொட்டி ஆறுகிறதாம். தெருவே சிரித்தது. நான் கண்டுகொள்ளாத மாதிரி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் தளிர் விட்டது, உச்சிக் கிளையில். தட்டுச் சூடு அங்கே எட்டவே எட்டாது. அண்ணன் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து பார்த்தான்.

"பாத்தியா, எல்லாம் என் ரொட்டிச் சூடு."

"ஆமாண்ணே," என்றேன்.