கீரைக்கூழில் கலந்தது

இறந்துபோன தந்தையின் விலாவை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த ரோனட், மணிச்சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். மடத்துச் சாமியார் லைட்கென் மழையில் நனைந்தபடி வந்துகொண்டிருந்தார்.

"மெதுவாடி, எலும்பு கையோட வந்துடப்போவுது," என்றாள் முகேன் அத்தை. "என் அண்ணன் மாதிரி எவன் நோன்பு இருந்தான் இந்த ஊர்ல? நேரா மோட்சந்தான்."

மாட்டுத் தகராறில் சித்தப்பா மகனையே வெட்டிக் கொன்றவர் அவள் தந்தை துன்காட். காய்ந்த ரொட்டி, தண்ணீர், கீரைக்கூழ் தவிர எதையும் தொடக்கூடாது என்று லைட்கென் தண்டனை விதித்தார். ஆண்டுக்கணக்கில் இருந்து முடித்து, போன ஈஸ்டருக்குத்தான் மறுபடி கோயிலுக்குள் சேர்ந்தார். அதனால் இன்று கோயில் மண்ணில் அவரைப் புதைக்க இடம் உண்டு.

ஆனால் நோன்பின் கடைசிக் குளிர்காலத்தில் அவருடைய கூழ் நன்றாக இருந்தது. "ஆண்டவரு கீரைக்குள்ளயே கொழுப்ப வெச்சிருக்காருடி," என்று கிண்ணத்தை வழித்துச் சிரித்தார். ரோனட் சிரிக்கவில்லை.

சொன்னால் அந்த மண் கிடைக்காமல் போகலாம். சொல்லாவிட்டால் நிறைவேறாத தண்டனையை அவர் மறுவுலகிலும் சுமப்பார்.

"சாமி, தெரியாமச் சாப்பிட்டா நோன்பு கெட்டுடுமா?"

லைட்கென் சடலத்தைப் பார்த்தார். பிறகு அவள் கைகளை.

"யாரு கலந்தது?"

"நாந்தான். ஆட்டெலும்பு வெந்த தண்ணி. இல்லேன்னா அந்தக் குளுரு தாண்டியிருக்க மாட்டாரு."

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் நீ," என்று அத்தை முணுமுணுத்தாள்.

லைட்கென் சடலத்தின் மேல் துணியை இழுத்து மூடினார்.

"பாவம் அவரோடது இல்ல. கோயில் மண்ணுலயே வைப்போம். ஆனா அந்தக் குளுருகாலம் பாக்கி நிக்குது."

"அந்த நோன்ப நான் இருக்கேன்."

"உன் பாவத்துக்கும் சேத்து. தனியாச் சாப்பிடணும். கோயில் வாசப்படி மிதிக்கக் கூடாது."

"எப்பலேருந்து சாமி?"

அவர் தரையைப் பார்த்தார். "இன்னிலேருந்துதான்மா."

பிற்பகலில் உடலைக் கோயிலுக்குள் கொண்டுபோனார்கள். அத்தை படியில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் போனாள். கதவு சாத்தப்பட்டது. மழையில் நின்ற ரோனட்டுக்குச் சங்கீதம் மங்கலாகக் கேட்டது. எல்லோரும் சேர்ந்து பாடும் அடி வந்தபோது அவளும் வாய் திறந்தாள். அதற்குள் உள்ளே அடுத்த அடிக்குப் போயிருந்தார்கள்.