தூரக் கபினா, தடாகத்தோர அறையா

என் உடம்பில் வெண்புள்ளி இருக்கிறது. பத்தொன்பது வயதில் தொப்புளுக்குக் கிட்ட ஒரு பொட்டுப் போலத் தொடங்கினது. இப்போது நெஞ்சு, முதுகு, இரண்டு தோள், முழங்கை வரை ஓடிவிட்டது. டொக்டர்மார் விட்டிலிகோ என்பார்கள். தொற்றாது, நோகாது. ஆனால் எங்கட ஆக்கள் அதற்கு வெண்குட்டம் என்று பெயர் வைத்து, குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவார்கள். அதனால் நாற்பது டிகிரி வெயிலிலும் நான் முழுக்கைச் சேட்டோடுதான் கொங்கிறீட் போடுகிறவன். கூட வேலை செய்கிற பெடியள் நான் ஏதோ நேர்த்தி வைத்திருக்கிறேன் என்று கன காலம் நம்பியிருந்தார்கள்.

எனக்கு நீச்சல் தெரியும். நல்லாவே தெரியும். ஆனால் முப்பது வருசத்துக்கு மேலாகப் பகல் வெளிச்சத்தில் வெறும் மேலோடு தண்ணியில் இறங்காமல் இருந்தவன். போன கோடையில் என் மனிசி சிவனேஸ்வரி ஒற்றைக் காலில் நின்றபடியால் ஒரு பொது நீச்சல் தடாகத்துக்குப் போனோம். நான் இறங்கி ஐந்து நிமிசம் ஆகவில்லை. பக்கத்தில் நின்ற தாய் ஒருத்தி தன் பிள்ளையைக் கையில் பிடித்து வெளியே இழுத்தாள். நான் சேட்டை மாட்டிக்கொண்டு வந்தேன். காருக்குள் ஏறினதும் சிவனேசிடம் சொன்னேன்:

"இனி என்னைத் தண்ணிக்குக் கூப்பிடாதை. அந்தக் கதை முடிஞ்சுது."

அவள் முடிய விடுகிற ஆள் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். காலமை ஷிப்டில் பதினொரு பேரைக் குளிக்க வார்ப்பாள். அங்கே மிசிஸ் டொஹர்ட்டி என்று எண்பத்தெட்டு வயது மனிசி ஒருவர் இருக்கிறார். அவரும் புருசனும் முப்பது கோடை லீவு போனது பலரட் என்ற ஊருக்கு அங்கால ஒரு காட்டு ரிசோர்ட்டுக்காம். அங்கே ஒருவரும் உடுப்புப் போடுவதில்லையாம்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சிவனேஸ் இந்தக் கதையை எடுத்து, நாங்களும் போவோம் என்றாள். எனக்குப் புரையேறிவிட்டது.

"உனக்கு என்ன விசரே?"

"ஏன்? நான் நாளுக்குப் பதினொரு உடம்பு பாக்கிறன். ஒண்டு போல ஒண்டு இல்லை. வெட்டினது, தைச்சது, தொங்கினது, சுருங்கினது. நீங்கள் உங்கடை ஒண்டை வைச்சுக்கொண்டு ஊரிலை இல்லாத உடம்பு எண்டு நினைக்கிறியள்."

"அங்கை தமிழ் ஆக்கள் வந்தால்?"

"வந்தால் அவையும் உடுப்பில்லாமல்தானே நிப்பினம்? ஆர் போய் ஆரிட்டைச் சொல்லுறது?"

ஆனாலும் ஒரு கிழமை பிகு பண்ணினேன். கடைசியில், எங்களைத் தெரியாத இடத்தில் ஒருமுறை, மூன்று நாள், அதுக்கு மேல் என்னை ஒன்றும் கேட்கக் கூடாது என்று பொருத்தம் பேசி ஒத்துக்கொண்டேன். வெளியில் காட்டவில்லையே தவிர, எனக்கும் அந்தத் தண்ணி வேண்டித்தான் இருந்தது.

பிறகுதான் பெரிய பிரச்சினை. எங்கே தங்குவது?

ரிசோர்ட்டின் பக்கத்தை லப்டொப்பில் திறந்து வைத்து இரண்டு பேரும் குசினி மேசையில் இருந்தோம். நான் ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து, வாய்க்குள் சொல்லிச் சொல்லி வாசித்தேன். நாலு வகை இடம் இருந்தது. புல்லில் கூடாரம் அடிக்கலாம். கரவன் என்கிற வண்டிவீட்டில் தங்கலாம். தடாகத்தின் ஓரத்தில் வரிசையாக அறைகள், கதவைத் திறந்தால் தண்ணி, ஆனால் குசினி எல்லாருக்கும் பொது. நாலாவது, மரங்களுக்குள் தள்ளி நிற்கிற கபின்கள். சொந்தக் குசினி, சொந்த பாத்ரூம், திரைச்சீலை போட்ட யன்னல்.

"கபின்," என்றேன். "ஆறாம் நம்பர். கடைசியில நிக்கிறது."

"தடாகத்தடி அறை," என்றாள் அவள்.

நான் படத்தைப் பெருப்பித்தேன். "அந்த அறைக்கு முன்னால போட்டிருக்கிற கொங்கிறீட்டைப் பார். தண்ணி ஓடச் சரிவே விடேல்லை. மழை பெய்தால் வாசலிலை நிக்கும்."

"நாங்கள் என்ன, அதைத் திருத்தவே போறம்?"

"பொதுக் குசினி. நீ கருவாடு பொரிச்சால் சனம் எழும்பி ஓடும்."

"நான் பாணும் சம்பலும் செய்யிறன். கருவாடு கொண்டு போகேல்லை."

"தடாகத்தடி இரைச்சலாய் இருக்கும். எனக்கு நித்திரை வராது."

அவள் லப்டொப்பை மூடினாள். "என்னப்பா, நான் ஒண்டு கேக்கட்டே? கதவைப் பூட்டி, சீலையை இழுத்து விட்டுட்டு உள்ளுக்கை இருக்கிறதெண்டால் அதுக்கு ஏன் ரெண்டு மணித்தியாலம் ஓடுவான்? எங்கடை வெரிபீ வீட்டு பாத்ரூமே அதுக்குக் காணும். பூட்டும் திறப்பும் நல்லாய் வேலை செய்யுது."

எனக்குச் சுட்டது. ஆனால் என் வாய் "கபின்" என்றுதான் திரும்பவும் சொன்னது. அவள் போனை எடுத்துக் கபினைப் பதிந்தாள். பதியும்போதே எல்லா விதிகளையும் கேட்டுக்கொண்டாள். தடாகத்துக்குள் மட்டும் உடுப்புக் கூடாது, மற்ற இடமெல்லாம் அவரவர் விருப்பம். கதிரையில் இருந்தால் துவாய் விரிக்க வேண்டும். படம் எடுக்கக் கூடாது. கடைசியாக, "தாலி உடுப்புக் கணக்கில் வருமா?" என்று விளங்கப்படுத்திக் கேட்டாள். அந்தப் பக்கத்தில் இருந்த மனிசி, போட்டுக்கொண்டு தாராளமாக இறங்கலாம் என்றதாம்.

மகள் ராகவிக்கு ஏதோ பண்ணைவீடு என்று சொல்லி வைத்தோம். அவள் கிளென் வேவர்லியில் இருந்து போன் பண்ணி, "அம்மா, நீங்க என்ர அக்கவுண்டிலதானே தேடினீங்க? எல்லாம் எனக்கும் வந்தது. சன்ஸ்கிரீன் எல்லா இடமும் பூசுங்கோ," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நான் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

இங்கத்தைய நடுக்கோடை, ஜனவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலமை போய்ச் சேர்ந்தோம். வாசலில் எங்களை வரவேற்றது லொறேன் என்கிற பொறுப்பாளர் மனிசி. அறுபது வயது இருக்கும். தலையில் ஓலைத் தொப்பி, காலில் முழங்கால் வரை றப்பர் பூட்ஸ். நடுவில் ஒன்றும் இல்லை. நான் கபின் திறப்பைக் கையில் வாங்கும் வரைக்கும் அந்தத் தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கபினுக்குள் போனதும் என் வேலையைத் தொடங்கினேன். நாலு யன்னலையும் பூட்டினேன். சீலைகளை இழுத்து, இடைவெளிகளுக்கு உடுப்புக் கிளிப் போட்டேன். கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு துவாயை உருட்டி அதற்குள் செருகினேன். சிவனேஸ் நைற்றியோடு இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"குண்டு போடப் போறாங்களோ?"

"நீ உன்ரை வேலையைப் பார்."

"பாக்கிறன்," என்று அவள் குசினிப் பக்கம் போனாள். நான் குளிக்கப் போனேன்.

அவள் பார்த்த வேலை சம்பல். எங்கட வீட்டில் சம்பலுக்குக் காய்ந்த செத்தல் மிளகாயை எண்ணெயில் கருகக் கருகப் பொரித்துத்தான் இடிக்கிறது. வெரிபீயில் அதற்கென்று பின் வளவில் ஒரு காஸ் அடுப்பு வைத்திருக்கிறோம். வீட்டுக்குள் பொரிப்பதே இல்லை. அன்றைக்கு இரண்டு பேருக்கும் அந்த யோசனை வரவில்லை. பூட்டின கபின், அடைத்த கதவு, இருபது செத்தல் மிளகாய்.

நான் தலைக்குச் சோப்புப் போட்டிருந்தேன். முதலில் தொண்டை அரித்தது. பிறகு இருமல். பிறகு மூச்சே வரவில்லை. அதே நேரம் கூரையில் புகை அலாரம் குளறத் தொடங்கியது. கண் எரிய, சுவரைத் தடவித் தடவி வந்து, துவாயைக் காலால் தள்ளிக் கதவைத் திறந்து ஓடினேன். புல்வெளியின் நடுவில் போய்த்தான் நின்றேன். பின்னால் சிவனேஸ், நைற்றியோடு, மிளகாய் பொரித்த தாச்சியைக் கையில் பிடித்தபடி, கண்ணீர் ஓட ஓட வந்தாள்.

மூன்று பக்கத்தால் சனம் ஓடி வந்தது. எல்லாம் அம்மணம். லொறேன் பூட்ஸ் தடதடக்க, தீயணைக்கிற சிவப்புச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். கபின் வாசலை மிதித்தவர் அதே வேகத்தில் இருமிக்கொண்டு திரும்பினார்.

"என்ன இது, விஷ வாயுவா?" என்று ஒரு கிழவர் கத்தினார்.

சிவனேஸ் தாச்சியை உயர்த்திக் காட்டினாள். "சில்லி! ஒன்லி சில்லி!"

அப்போதுதான் எனக்கு விளங்கினது. பத்தரை மணி வெயில். நான் அதற்குள் நிற்கிறேன். தலையில் சோப்பு, உடம்பில் ஒன்றும் இல்லை. என் கைகள் இரண்டும் பாய்ந்து நெஞ்சைப் பொத்தின. மற்றவர்கள் எதை மறைப்பார்களோ அதை மறைக்க எனக்குத் தோன்றவேயில்லை.

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். பார்த்தார்கள். பிறகு தாச்சியைப் பார்த்தார்கள். தாச்சியைத்தான் கனநேரம் பார்த்தார்கள். அந்தக் கிழவருக்கு நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழ் ஒரு நீளத் தையல். அவருக்குப் பக்கத்தில் நின்ற மனிசிக்கு ஒரு பக்க மார்பு இல்லை. அந்த மனிசி என் தோளைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "விட்டிலிகோவா? என் தம்பிக்கும் இருக்கு. வெயில் சுடும், நிழலுக்கு வா," என்றார். சொல்லிவிட்டு உடனே சிவனேசிடம், "அதை எதோடு சாப்பிடுறது?" என்று கேட்டார்.

குரலைத் தாழ்த்தவில்லை. முப்பது வருசத்தில் என் உடம்பைப் பற்றி வெளியாள் ஒருவர் சத்தமாகப் பேசினது அதுதான் முதல் தரம்.

லொறேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். சிரிப்பில் அவருக்குக் கதை வரவில்லை. ஆறாம் நம்பரில் நாளை வரை ஒருவரும் படுக்க ஏலாது, எல்லா யன்னலையும் திறந்து விட வேண்டும் என்றார். வேறு இரண்டு இடம் வெறுமையாக இருக்கிறதாம். மேட்டுக்கு அங்கால ஒன்பதாம் நம்பர் கபின், ஆறாம் நம்பரை விடத் தள்ளி. மற்றது தடாகத்தோர அறை.

நான் வாய் திறக்க முதல் சிவனேஸ் முந்தினாள். "நைன்! நம்பர் நைன், ப்ளீஸ்." என்னிடம் திரும்பி மெதுவாக, "பரவாயில்லையப்பா. நான் இனி ஒண்டும் கேக்கேல்லை. மேட்டுக்கு அங்கால போவம். ஒருத்தரும் வராயினம்," என்றாள்.

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். சண்டை பிடித்துத் தடாகத்தடி அறை கேட்டவள். எனக்காகத் தன் கட்சியை விட்டுக்கொடுத்து நிற்கிறாள். என் கைகள் இன்னும் நெஞ்சில் இருந்தன. ஒன்றை எடுத்தேன். பிறகு மற்றதையும் எடுத்தேன்.

"இல்லை," என்று லொறேனிடம் சொன்னேன். "தடாகத்தடி அறையைத் தாங்கோ."

"என்ன?" என்றாள் சிவனேஸ்.

"நீ கேட்டதுதானே. தடாகத்தடி."

"அங்கை தண்ணி வாசலிலை நிக்கும் எண்டியள்?"

"நிண்டால் நிக்கட்டும்."

அவள் தாச்சியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா மிளகாயா என்று நான் விசாரிக்கவில்லை.

கபினுக்குள் ஓடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் வெளியே எடுத்தேன். பையின் மேலேயே சேட்டு இருந்தது. எடுக்கவில்லை. பையை ஒரு தோளில் போட்டு, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினேன். இனி மறைக்கக் கை இல்லை. மரங்களைத் தாண்டி, கரவன்களுக்கு நடுவால், சனம் இருந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தைக் கடந்து நடந்தேன். ஒருவர் "மோர்னிங்" என்றார். நானும் "மோர்னிங்" என்றேன். காலில் புல், முதுகில் வெயில். முதுகில் வெயில் இப்படித்தான் விழும் என்பதையே மறந்திருந்தேன். ஒரு பெரிய உள்ளங்கை மாதிரி முழு அகலத்துக்கும் படுத்துக் கிடந்தது.

அறை வாசலில் சாமான்களை இறக்கினேன். கதவைத் திறக்கவில்லை. தடாகத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அங்கிருந்த குழாயில் தலைச் சோப்பைக் கழுவிக்கொண்டு விளிம்புக்குப் போனேன். ஏணியால் இறங்கவில்லை. பாய்ந்தேன்.

தண்ணிக்குள் ஒரு சத்தமும் இல்லை. தலை வெளியே வந்தபோது எல்லாரும் அவரவர் பாட்டில் நின்றார்கள். பிள்ளை ஒன்று பந்தை என் பக்கம் எறிந்து, திருப்பி எறியச் சொன்னது. எறிந்தேன். பிறகு கையை வீசத் தொடங்கினேன். ஒரு கரையைத் தொட்டுத் திரும்பினேன், மற்றக் கரையைத் தொட்டுத் திரும்பினேன். தோள் பழைய கணக்கை மறக்கவில்லை. ஆறாவது தரம் திரும்பும்போது மூச்சு வாங்கினது, ஆனால் நிற்கத் தோன்றவில்லை. அந்தத் தையல் போட்ட கிழவர் பக்கத்து வரிசையில் என்னோடு போட்டிக்கு வந்து, பாதியில் கையைத் தூக்கித் தோல்வியை ஒத்துக்கொண்டார்.

சிவனேஸ் விளிம்பில் துவாய் விரித்து, நைற்றியை முழங்காலுக்கு மேலே சுருட்டி, கால்களைத் தண்ணிக்குள் விட்டுக்கொண்டு இருந்தாள். தலையில் யாரோ கொடுத்த தொப்பி. நான் ஒவ்வொரு தரமும் அவளைக் கடக்கும்போது எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னாள், பக்கத்தில் இருந்த மனிசிக்கும் தமிழில் எண்ணப் பழக்கிக்கொண்டு.

"பதினொண்டு!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். "காணும், வெளியாலை வாங்கோ. விரலெல்லாம் சுருங்கீட்டுது."

நான் கரையைப் பிடித்து அவளை நிமிர்ந்து பார்த்தேன். வெயில் என் இரண்டு தோளிலும் இருந்தது, வெள்ளையிலும் கறுப்பிலும் ஒரே அளவில்.

"இன்னும் ஒண்டு," என்று சொல்லி, காலால் சுவரை உதைத்தேன்.