பாட்டு ஏறிய பென் டிரைவ்

காங்ஷான் திருகாணி ஆலையின் பரிசோதனை இயந்திரம், முதுகில் ஒரு பென் டிரைவ் செருகியிருந்தால்தான் கண்ணைத் திறக்கும். உலகத்தில் வேறு டிரைவே கிடைக்காதது போல அதைப் பிடுங்கி, சுத்தமாக அழித்து, கோயில் யாத்திரை பஸ்ஸில் பாட நூற்றுச் சொச்சம் பாட்டுகளை ஏற்றியிருந்தான் குவோ-துங். முதலாளியின் மச்சான். வேறென்ன தகுதி வேண்டும்?

இரண்டு மணிக்கு ஜப்பான் வாடிக்கையாளர் வருகிறார். அவர் போனதும் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவர் யாரென்று முதலாளி அறிவிப்பார். பதினோரு வருஷமாக அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவள் மெய்-சியாங். பதவி மச்சானுக்குத்தான் என்று ஆலை முழுக்கப் பேச்சு.

"நான் என்ன முட்டாளா? ஃபைலையெல்லாம் காப்பி எடுத்துட்டுத்தான் அழிச்சேன். இப்போ திரும்பவும் போட்டாச்சே!" பாக்கை மென்றுகொண்டே சொன்னான் குவோ-துங். திரை கறுப்பாகவே இருந்தது. இயந்திரம் சமத்தாக இருக்கட்டும் என்று ராசிக்காக அதன் மேலே வைத்திருந்த பச்சை நிற நொறுக்குத்தீனிப் பொட்டலத்தை எடுத்து, தேதி தாண்டிவிட்டதா என்று வேறு பார்த்தான்.

"அண்ணே, வீட்டுச் சாமானைப் பத்திரமா எடுத்து வெச்சீங்க, வாசக்கதவை, அதான் இயந்திரத்தைக் கிளப்பிவிடுற பூட் பகுதியை, பேத்துப் போட்டுட்டீங்க. அப்புறம் இயந்திரம் எப்படி உள்ளே போகும்?" என்றாள் மெய்-சியாங்.

"மெய்-சியாங், வியாக்கியானம் அப்புறம். வழி இருக்கா?" முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இருக்கு முதலாளி. போன வருஷமே டிரைவை முழுசா, வாசக்கதவோட சேர்த்து, ஒரே இமேஜ் ஃபைலா எடுத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வெச்சேன். 'இந்தக் குப்பை எதுக்கு'ன்னு திட்டினீங்களே, அதுதான்."

மெய்-சியாங் இயந்திரத்திலிருந்து டிரைவை உருவினாள்.

"இதே டிரைவ்ல எழுதிடலாம். பாட்டு மட்டும் போயிடும்."

"ஐயோ, ரெண்டு நாளா உக்காந்து சேர்த்த பாட்டு!"

"பாட்டா, சோறாடா?" என்று கத்தினார் முதலாளி.

இமேஜ் எழுதி முடிவதற்கும் வாசலில் கார் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. மெய்-சியாங் ஓடிவந்து டிரைவைச் செருகினாள். கறுப்பு. இன்னும் கறுப்பு. பிறகு திரையில் எழுத்துகள் ஓடின, விளக்கு பச்சையானது, முதல் திருகாணி கேமராவுக்குக் கீழே உருண்டது. பொட்டலம் கட்டும் பெண்கள் சாப்பாட்டு டப்பாக்களைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். மெய்-சியாங்கும் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள்.

ஜப்பான்காரர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்: "இங்கே பொறுப்பு யாரு?"

முதலாளியின் பார்வை மச்சான் பக்கம் போனது. அவர் வாய் திறப்பதற்குள் மெய்-சியாங் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நான்தான்."

முதலாளி ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பார்த்தார், வாடிக்கையாளரைப் பார்த்தார். "ஆமாங்க," என்றார், ஆலை முழுக்கக் கேட்கும்படி. "இவங்கதான் எங்க பிரிவுத் தலைவி."