வலது கைப்பிடி

எஸ்கில் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துபோனான். மதியக் காபியைக் குடித்துவிட்டுத் தேக்குப் பலகை எடுக்கக் கிடங்குக்குப் போனவன் அங்கேயே சரிந்துவிட்டான். மாரடைப்பு. கோபன்ஹேகனில் எங்கள் பட்டறையில் அவனுக்கு அடுத்த மேசை என்னுடையது. நாங்கள் செய்யும் நாற்காலிகளுக்கு அவன் மனைவி டாக்னிதான் இறுக்கி முறுக்கிய காகிதக் கயிற்றால் இருக்கை பின்னுவாள்.

அடக்கம் முடிந்த மறுநாளே அவள் வேலைக்கு வந்தாள்.

"வீட்ல இருந்திருக்கலாமே, டாக்னி."

"வீட்ல என்ன இருக்கு, ஓவே? கயிறு எங்க?"

இலையுதிர்காலக் கண்காட்சிக்கான நாற்காலி பாதியில் நின்றிருந்தது. வலது கைப்பிடியை எஸ்கில் முடித்திருந்தான். இடதை நான் செதுக்கினேன். அவன் அச்சையே வைத்து, அவன் அரத்தாலேயே தேய்த்தேன். பசை போடாமல் பொருத்திவைத்தோம்.

நாற்காலியின் வடிவத்தை வரைந்துகொடுத்த விந்தர் பார்க்க வந்தார். எஸ்கில் இருந்திருந்தால், "பென்சில் வந்தாச்சு, எல்லாரும் மரத்த ஒளிச்சு வைங்கடா" என்று கத்தியிருப்பான். அன்று யாரும் கத்தவில்லை. விந்தர் கண்களை மூடிக்கொண்டு இரண்டு கைப்பிடிகளையும் தடவினார்.

"ரெண்டும் வேற வேற ஆளு பண்ணது. ஒரே ஆள் பண்ணாத்தான் சரியா வரும்."

"செத்துப்போனவன எழுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்றீங்களா?" என்றேன்.

மூலையிலிருந்து டாக்னி சொன்னாள்: "அவர் சொல்றது சரிதான் ஓவே. எஸ்கில் பண்ணத எடுத்துடு. வலதையும் நீயே பண்ணு."

கழற்றினேன். செய்தித்தாளில் சுற்றி அவளிடம் நீட்டினேன்.

"இத வச்சு நான் என்ன பண்றது?"

"எஸ்கில் பண்ணதாச்சே."

"தெரியும்." அவள் கை நீட்டவில்லை. அதைக் கொண்டுபோய் அவன் மேசைமேல் வைத்தேன்.

இரண்டு கைப்பிடிகளும் முடிந்ததும் அவள் இருக்கை பின்ன உட்கார்ந்தாள். மாலையில் பார்த்தால் கயிறெல்லாம் ரத்தம்.

"டாக்னி, உன் விரலு!"

வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"வலிக்கலயா?"

"தெரியல."

பின்னியதையெல்லாம் பிரித்தாள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள். நானும் ஒருவிதமாக மரத்துத்தான் போயிருந்தேன். அவன் இறந்த நாளிலிருந்து நான் அழவே இல்லை.

கண்காட்சியில் அந்த நாற்காலியைச் சுற்றிக் கூட்டம். விந்தர் டாக்னியின் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

"உக்காந்து பாருங்க. நீங்கதான் மொதல்ல உக்காரணும்."

கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் கைப்பிடிகள்மேல் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"நாற்காலி மாதிரி இருக்கு."

விந்தர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அடுத்த ஆள் உட்காரக் காத்திருந்தார். அவள் எழவில்லை. கோட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.