வடக்கு ஜன்னல் கிண்ணம்

"கடைசியா உள்ள வந்தது நீதான்."

"நானா? விறகைக் கொண்டாந்து போட்டுட்டுக் கதவைச் சாத்தினது யாரு..."

"அதுக்கப்புறம் நீ நாய்க்குச் சோறு வைக்கப் போனியா இல்லியா? அதை மட்டும் சொல்லு."

என் தம்பி ஸ்தானேயும் அவன் மனைவி மார்யேத்தாவும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். நடுவில், மேசைமேல், கிண்ணம்.

வசந்தம் வந்தால் எங்கள் மலைவிடுதியில் இது வழக்கம். மாலையில் கடைசியாக உள்ளே வருகிறவர் வடக்கு ஜன்னலில் இருக்கும் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். விடியும்போது அது உறைந்திருந்தால் மேலே சரிவுகளும் இறுகியிருக்கும். ஏறிப்போய், வெயில் உறைப்பதற்குள் சறுக்கி இறங்கிவிடலாம். தண்ணீராகவே இருந்தால் பனிச்சறுக்குக் கட்டையை யாரும் தொடமாட்டோம்; இரவில் இறுகாத பனி வெயில் பட்டதும் மொத்தமாகச் சரிந்து ஆளை மூடிவிடும்.

இன்று இருட்டோடு எழுந்த அவர்கள் மகள் நேஷா கைத்தடியால் கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தாள். "கல்லாட்டம் இருக்கு அத்தை" என்றாள். கிழக்குச் சரிவுக்குத் தனியாகக் கிளம்பிப் போனாள்.

கூரை சொட்டுகிற சத்தம் கேட்டுச் சந்தேகப்பட்டுத்தான் மார்யேத்தா கிண்ணத்தை உள்ளே எடுத்து வந்தாள். பனிக்கட்டிக்குள் செம்பழுப்பாய் ஒரு முட்டை ஓட்டுத் துணுக்கு. வெங்காயத்தோலில் சாயம் ஏற்றி, முந்தாநாள் ஈஸ்டர் மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாங்கள் உரித்த முட்டை. அன்றிரவு உறைந்தது, நேற்று மாலை யாரும் கவிழ்க்காமல் வெயில் படாத மூலையில் அப்படியே கிடந்திருக்கிறது. நேற்றிரவோ மலையை மேகம் போர்வையாக மூடியிருந்தது. எதுவும் உறைந்திருக்காது.

"பனி எப்படின்னு அவ காலுக்கே தெரியும். என் பொண்ணு அவ" என்றான் ஸ்தானே.

"காட்டு நிழல்ல கெட்டியாத்தான் இருக்கும். வெட்டவெளிக்கு வந்து தெரியறதுக்குள்ள பாதி ஏறியிருப்பா. உன் பொண்ணுதானே, பாதியில திரும்பிடுவாளாக்கும்."

ஸ்தானே காலணி வாரை இழுத்துக் கட்டினான்.

"எங்க போற?"

"கூட்டிட்டு வர."

"அந்தச் சரிவுக்கு அடியிலேயா? வெயிலைப் பாத்தியா நீ? அங்க போன் எடுக்காது. நீயும் போயிட்டா நான் யாரைத் தேடறது? அண்ணி, சொல்லுங்களேன் உங்க தம்பிகிட்ட."

நான் மாவுக் கையோடு நின்றிருந்தேன்.

அப்போதுதான் கேட்டது. இடி மாதிரி இல்லை. வண்டியிலிருந்து ஈர மணலைச் சரித்துக் கொட்டுகிற மாதிரி, நீளமாக. அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. ஸ்தானேயின் கை வாரிலேயே நின்றுவிட்டது.

மேற்குச் சரிவுக்கு இன்னும் வெயிலே வரவில்லை. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

மார்யேத்தா கிண்ணத்தைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. அது மேற்குப் பக்கந்தானே?"