நடுவர் மேல் ஏறிய பந்தய அழுக்கு

மாதிரிக் கார் கழகத்தின் தலைமை நடுவர் குளித்துத் துவட்டி முடிப்பதற்குள் அவர் மேல் ஒரு முழுநாள் பந்தயத்தின் அழுக்கு ஏறிவிடும். நெற்றியில் நசுங்கிய பூச்சிகள், கன்னங்களில் பிரேக் கரி, விலாவில் ஓர் எண்ணெய்க் கோடு. நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் எல்லாம் ஓடுகிற காரில் படிவதுபோல முன்னிருந்து பின்னாக இழுபட்டே படியும். தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார், களிம்பும் கறுத்தது. சலவைக்காரர் இனிமேல் துணி வேண்டாம் என்று கும்பிடு போட்டார். மனைவி நாற்காலிகளில் செய்தித்தாள் விரித்து வைக்கப் பழகிக்கொண்டாள்.

காரணம் ஊருக்கே தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவரைக் கழகத்தில் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பகலும் இரவுமாக ஓடும் நெடும்பந்தயக் கார்களின் மாதிரிகளை வீடு நிறையச் சேர்த்திருந்தார். கதவின் இடுக்கு ஒரு மயிரிழை கூடினாலும், ஸ்டிக்கரின் ஓரம் துளி தூக்கியிருந்தாலும், விளக்குக் கண்ணாடியில் பசை கசிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அவருடைய கார்கள் எல்லாம் கண்ணாடி அலமாரியை விட்டு இறங்காதவை. அழுக்கென்றால் தூசி, தூசியென்றால் துடைக்க வேண்டியது. அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. மதிப்பெண் போடும் முன் ஒவ்வொரு காரையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு துடை துடைப்பது அவர் வழக்கம்.

அந்த வருடக் கண்காட்சிக்குப் பல்செட் செய்யும் பெண் ஒருத்தி கார் கொண்டுவந்தாள். அவளுடைய அண்ணன் ஒரு பந்தயக் குழுவில் மெக்கானிக். ஒரு பந்தயத்தின் நடுராத்திரியில், குழுவின் காரில் சாத்திக்கொள்ளாத கதவை மசகு அப்பிய உள்ளங்கையால் ஓங்கி அறைந்து மூடினான். கார் அந்தக் கைத்தடத்தோடுதான் கடைசிக்கோட்டைத் தாண்டியது. மறுவாரமே நெஞ்சடைத்துப் போய்விட்டான். தங்கை அவனுடைய வேலைச்சட்டையில் ஊறியிருந்த மசகைச் சுரண்டியெடுத்து, பல்லுக்குச் சாயம் தீட்டும் தூரிகையால் பூச்சி பூச்சியாக, கோடு கோடாக, அந்தக் கார் பந்தயத்தை முடித்த கோலத்திலேயே தன் மாதிரிக்கு அழுக்கேற்றினாள். கதவில் சுண்டுவிரல் நகமளவுக்கு அண்ணனின் கை. சட்டையில் மசகு தீர்ந்துபோயிருந்தது.

பூதக்கண்ணாடி ஒரே துடைப்பில் அத்தனையையும் எடுத்துவிட்டார். "என்னம்மா, தூசிகூட தட்டாம கொண்டாந்துட்டீங்க?" என்று சிரித்தார். கூடமே சிரித்தது. துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, சுத்தத்துக்கென்று இரண்டு மதிப்பெண் கூட்டியும் கொடுத்தார்.

அவள் அழவில்லை. பளபளத்த காரைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "தொடச்சது உங்க மேலயே இருக்கட்டும்" என்றாள். மறுநாள் காலை அவருடைய நெற்றியில் முதல் பூச்சி ஒட்டியிருந்தது.

சில வருடங்கள் சமாளித்தார். கையுறை போட்டுக்கொண்டு நடுவராக இருந்து பார்த்தார்; கையுறை கறுத்தது. அவர் வருகிறார் என்றாலே ஆட்கள் காரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். கழகம் நடுவர் நாற்காலியை மரியாதையாகப் பிடுங்கி அந்தப் பெண்ணுக்கே கொடுத்தது. சொந்த அலமாரியைத் திறக்கவும் அவருக்குப் பயம். கடைசியில் வெட்கத்தை விட்டு அவளுடைய பட்டறைக்குப் போய் நின்றார்.

அவள் அவரை வெளிச்சத்தில் உட்காரவைத்து, லென்ஸ் வழியாக நிதானமாகப் பார்த்தாள். "வேல நல்லாத்தான் இருக்கு. கோடு மட்டும் கொஞ்சம் தடிமன்," என்றாள். பிறகு பல் சுரண்டும் கம்பியால் அவர் கன்னத்து மசகை ஒரு சிமிழில் வழித்தெடுத்தாள். அண்ணனின் சட்டையில் அடித்த அதே வாடை. அங்கேயே அந்த மாதிரிக் காரை எடுத்து, கதவில் அண்ணனின் கையைத் திரும்பத் தீட்டினாள். தீட்டி முடித்ததும்தான் அழுதாள். அவர் எதிரிலேயே, மூக்கைச் சிந்திச் சிந்தி.

அவள் முகத்தைத் துடைத்ததும் அவர் கேட்டார். "நீங்க மன்னிச்சிட்டேன்னு சொன்னா இது போயிடுமாம்மா?"

"போயிடும்."

"அப்ப சொல்லிடுங்களேன். அதான் கை திரும்பக் கெடைச்சிடுச்சே."

"கை கெடைச்சுது. நீங்க சிரிச்சீங்களே, அது எங்க போச்சு?" என்று சொல்லி அவள் சிமிழை மூடி வைத்தாள். "சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க. கழுவாம வாங்க."

வழித்த இடம் அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் மறுபடி கறுத்திருந்தது. அண்ணன் வேலை பார்த்த பந்தயங்களின் கார்களை அவள் ஒவ்வொன்றாகச் செய்து அழுக்கேற்றத் தொடங்கினாள். அவற்றின் மசகைப் பற்றி யார் கேட்டாலும், எங்கிருந்து எடுத்தது என்பதை ஒளிக்காமல் சொல்வாள். அவர்களும் தலையாட்டிவிட்டு அடுத்த காரைப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூதக்கண்ணாடி வந்து செய்தித்தாள் மேல் உட்கார்ந்து, அவள் சொல்வதற்கு முன்பே கன்னத்தைத் திருப்பிக் காட்டுவார்.