தொட்டிக்கு ஏற்ற கேமரா

அக்கா வீட்டில் தோட்டம் என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகப்படி. சமையலறைக் கதவைத் திறந்தால் ஆறடிக்கு நாலடி சிமெண்ட் தரை, சுற்றிலும் சுவர், மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியில் அல்லி. அவ்வளவுதான்.

அந்தத் தொட்டியைக் காலி செய்யச் சொல்லிக் குடியிருப்புச் சங்கம் படிக்கட்டுப் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இரண்டாம் மாடிக் குழந்தைக்குக் காய்ச்சல். கொசு அக்காவின் தொட்டியிலிருந்துதான் வருகிறது என்று செயலாளர் முடிவு கட்டிவிட்டார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவரே வந்து கவிழ்ப்பாராம்.

"உள்ள தட்டாம்பூச்சிக் குஞ்சு இருக்கு. கொசுப்புழுவை அதுதான் தின்னுது. கொசு வர்றது பின்னாடி அடைச்சுக் கெடக்கிற சாக்கடையில இருந்துன்னு சொன்னேன்டா. கண்ணால பார்த்தாத்தான் நம்புவாராம்" என்றாள் அக்கா.

கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுண்டுவிரலில் பாதி நீளம், சேற்றின் நிறம், கிடப்பதும் சேற்றில். போட்டோ எடுத்துத்தான் காட்ட வேண்டும். என் போன் தண்ணீரில் தெரிந்த என் மூஞ்சியை மட்டும் எடுத்துக் கொடுத்தது.

எனக்கு அப்போது வேலை இல்லை. அதற்கு முன் ஒரு கிடங்கில் இரவெல்லாம் பதினாறு காவல் கேமராத் திரைகளைப் பார்க்கும் வேலை. எட்டு மாதம் ஒன்றுமே நடக்காததைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன்.

"பதினாறு கேமராவைக் கட்டி மேய்ச்சவன், எனக்கு ஒண்ணு பிடிச்சுக் குடுக்க மாட்டியா?" என்றாள்.

கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் என் நண்பனைப் பிளாஷ் என்று கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமை அவனிடம் இருந்ததிலேயே பெரிய கேமராவையும் முழங்கை நீள லென்சையும் வாங்கி வந்தேன். கழுத்தில் மாட்டியபோது நெஞ்சு தானாக நிமிர்ந்தது. தொட்டியைக் குறிபார்த்தேன். எல்லாம் கஞ்சியாகத் தெரிந்தது. பின்னால் நகர்ந்தேன், சுவர் முதுகில் இடித்தது. சமையலறைக்குள் போய் நின்றேன். அடுப்புக்கும் எனக்கும் நடுவில் அக்கா மாட்டிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா தெருவுக்கே போயிடலாம்" என்றாள்.

பிளாஷுக்குப் போன் போட்டேன்.

"லென்ஸ் மேல எழுதியிருக்கே, படிக்கலையா? ரெண்டரை மீட்டருக்கு இந்தப் பக்கம் எதுவுமே அதுக்குத் தெரியாதுடா."

"உன்னை மாதிரியே இருக்கு" என்றாள் அக்கா. "எட்டக் கிடக்கிறதுதான் தெரியும்."

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் கேமரா கடைக்குப் போனோம். கடைக்கார அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து நாலு கேமராவை எடுத்து வரிசையாக வைத்தாள். நான் எத்தனை மெகாபிக்சல் என்று ஆரம்பித்தேன். அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அக்காவிடம்தான் கேட்டாள்.

"எவ்வளவு தூரத்துல நிப்பீங்க?"

"கை எட்டுற தூரம்."

ஒரு கேமரா உள்ளே போனது.

"பொருள் எவ்வளவு பெருசு?"

அக்கா சுண்டுவிரலை மடக்கிப் பாதியைக் காட்டினாள். இன்னொன்று உள்ளே போனது.

"நின்னுக்கிட்டு எடுப்பீங்களா, குனிஞ்சா?"

"குனிஞ்சா எழுந்திரிக்க இவன்தான் தூக்கிவிடணும்."

மூன்றாவதும் போனது. மிச்சம் இருந்தது முன்னே கழற்றும் லென்சுகூட இல்லாத ஒன்று. திரை மட்டும் மேல்நோக்கித் திரும்பும்.

"தண்ணிக்குள்ள இருக்குங்க அது" என்றேன் நான்.

"அதை முதல்லயே சொல்லக்கூடாதா?" நாலாவதையும் உள்ளே வைத்தாள். இழுப்பறையைத் துழாவிச் சோப்புக்கட்டி அளவில் ஒரு சிவப்புக் கேமராவை எடுத்தாள். மூலையெல்லாம் தேய்ந்திருந்தது, யாரோ பயன்படுத்திக் கொடுத்தது. தன் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, கேமராவை அதன்மேல் கிட்டத்தட்ட உட்கார வைத்தாள். திரையில் மோதிரத்தின் கீறல்கள் வாய்க்கால்கள் மாதிரி ஓடின. ஒரு கீறலில் மாவு ஒட்டியிருந்தது.

"விரலளவு தூரத்துல இருக்கிறதும் இதுக்குத் தெரியும். தண்ணியில முக்கலாம். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எடுத்துப் பாருங்க. சரிப்பட்டா வச்சுக்கலாம்."

எனக்கு அது பொம்மை மாதிரி இருந்தது. அக்கா ஏற்கனவே பையில் போட்டுவிட்டாள்.

மதியம் கையைத் தோள்வரை தொட்டியில் விட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். இருநூறு படம் சேறு. அதற்கடுத்த ஒன்றில் குஞ்சு இருந்தது. முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஒரு கையை முன்னால் வீசியிருந்தது. கை இல்லை அது, தாடை. அதன் நுனியில் ஒரு கொசுப்புழு. அடுத்த படத்தில் தாடை மடிந்து பழைய இடத்துக்கு வந்துவிட்டது, புழு இல்லை. இரண்டு படத்துக்கும் நடுவில் கண் இமைக்கக்கூட நேரம் கிடையாது.

அக்கா திரையைப் பார்த்துவிட்டு, தொட்டியைப் பார்த்தாள். "மூணு வருஷமா இது பக்கத்துலதான் பாத்திரம் கழுவுறேன்" என்றாள் மெதுவாக.

வேலையை விட்டும் தூக்கம் ஒழுங்குக்கு வரவில்லை. ஞாயிறு விடிந்ததும் தொட்டியருகே போனேன். அல்லி மொட்டின் தண்டில், தண்ணீருக்கு மேலே, ஒரு குஞ்சு ஏறிப் பிடித்துக்கொண்டிருந்தது. முதுகு வெடித்திருந்தது. வெடிப்பு வழியாக ஒரு தலை வந்தது. குஞ்சின் தலையைவிடப் பெரிய தலை, அதில் பாதிக்குமேல் கண். எப்படி உள்ளே இருந்தது என்று தெரியவில்லை. பிறகு கால்கள் வந்தன. அப்புறம் அது பின்பக்கமாகச் சாய்ந்து, வால் மட்டும் உள்ளே சிக்கியிருக்க, தலைகீழாகத் தொங்கி அசையாமல் நின்றுவிட்டது.

அக்காவை எழுப்பினேன். அவள் வந்து நின்றவள் பல்கூடத் தேய்க்கப் போகவில்லை.

ஏழு மணிக்குச் செயலாளர் வந்தார், கையில் வாளியோடு.

அக்கா கேமராவில் நேற்றைய படத்தைக் காட்டினாள். அவர் அரை நொடி பார்த்தார்.

"இது நெட்டுல எடுத்த படம்மா. என் மச்சினன் தினமும் ஒரு புலி அனுப்புறான், அவன் என்ன காட்டுலயா இருக்கான்?" வாளியைத் தொட்டியின் விளிம்பில் வைத்தார்.

"அசைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். கேமராவை வாங்கித் தண்டின் பக்கத்தில் பிடித்தேன். "நெட்டு இல்லைங்க. இப்ப நடக்குது."

அவர் திரையைப் பார்த்தார், தண்டைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். நான் கேமராவை நகர்த்த, திரையில் படமும் நகர்ந்தது.

"செத்துப்போச்சு" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்போது தொங்கியது மேல்நோக்கி வளைந்தது. தன் பழைய தோலின் தலையையே காலால் பிடித்து, வாலை உருவிக்கொண்டது.

"அம்மாடியோவ்" என்றார். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

சிறகு இருக்க வேண்டிய இடத்தில் நாலு நனைந்த துணுக்குகள், கசக்கி எறிந்த காகிதம் போல. அவை நிரம்பின. யாரும் தொடவில்லை, காற்றும் இல்லை. மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, உடம்பின் நீளத்துக்கு வளர்ந்தன. முதலில் பால் நிறம். பிறகு அந்தப் பாலும் வடிந்து, நரம்புகள் மட்டும் நின்றன. திரையில் ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணலாம் போல இருந்தது. நரம்புகளுக்கு நடுவில் செங்கல் சுவரும் செயலாளரின் சட்டைப் பொத்தானும் தெரிந்தன. எட்டு மாதம் திரை பார்த்தவன் நான். இதற்கு முன்னால் திரையில் எதையும் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எட்டரை மணிக்குமேல் சிறகுகள் விரிந்து ஒருமுறை சிலிர்த்தன. அடுத்து தண்டில் வெற்றுத்தோல் மட்டும் இருந்தது, கண்ணின் அச்சு உள்பட எல்லாம் அப்படியே. மூன்று பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

செயலாளர் எழுந்து வாளியை எடுத்தார். "சாக்கடை எங்க அடைச்சிருக்குன்னு சொன்னீங்க?"

அக்கா காட்டினாள். போகும்போது படிக்கட்டுப் பலகையிலிருந்த நோட்டீஸைக் கிழித்துப் பையில் திணித்துக்கொண்டார்.

நாற்பது படம் எடுத்திருந்தேன். நன்றாக வந்தது ஒன்றுதான். அதன் ஓரத்தில் செயலாளரின் மூக்கு.

மாலையில் கடைக்குப் போனோம். கடைக்கார அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பின்னால் நின்ற ஆள் என்னவோ விலை கேட்டார். அவளுக்குக் காதில் விழவில்லை.

வெகுநேரம் கழித்து, "திருப்பிக் குடுக்க வந்தீங்களா?" என்றாள்.

அக்கா அவள் கையிலிருந்து கேமராவைப் பதமாக வாங்கித் தன் பையில் வைத்தாள்.

"இன்னும் பதினோரு குஞ்சு தொட்டிக்குள்ள இருக்கு" என்றாள்.